எழுந்து போகாத இளவரசர்

"இன்னும் கிளம்பலையா அந்த மனுஷன்?" உதட்டில் சிரிப்பு மாறாமல் பல்லைக் கடித்தார் துர்சுன் பாஷா.

"சர்பத் கொடுத்தாச்சு பாஷா. மூணு கோப்பை குடிச்சிட்டார்," என்றான் விருந்தினரைக் கவனிக்கும் அதிகாரி வாஸிஃப்.

காப்பி வந்தால் உட்கார், சர்பத் வந்தால் கிளம்பு. இஸ்தான்புல்லில் இது பூனைக்கும் தெரியும். வடக்கேயிருந்து வந்த இளவரசருக்குத்தான் தெரியவில்லை. விடியற்காலைப் பனியோடு பாஷாவின் கடலோர மாளிகைக்குள் நுழைந்து, மார்பெல்லாம் தங்கச் சரிகை மின்ன மெத்தையில் உட்கார்ந்தவர்தான். மொழிபெயர்ப்பாளரையும் காணோம்.

உச்சிவேளைக்குள் அவர் சுல்தான் முன்னால் நிற்க வேண்டும். தவறினால் வாஸிஃபுக்கு ஏமன் பாலைவனத்துக்கு மாற்றல். அவனுக்கு நிச்சயதார்த்தம் முடிந்து எட்டு நாள்தான் ஆகிறது.

"எழுந்து போங்கன்னு சொல்லிடட்டுமா?"

"சொல்லுவே! நாளைக்கே சண்டைக்கப்பல் வந்து நிக்கும். பன்னீரைக் கொண்டா."

கையில் பன்னீர் தெளித்தால் விடைகொடுப்பதாக அர்த்தம். இளவரசர் செம்பையே வாங்கி முகம் கழுவிக்கொண்டார். பூட்ஸையும் கழற்றினார்.

"போச்சுடா! இப்ப என்னய்யா பண்றது?"

"அகில் புகை போட்டுடலாம் பாஷா. அதுக்கு மேல எவனும் உக்கார மாட்டான்."

புகை நீலமாக எழுந்து, கூரையில் ஆடிய விளக்கு வெளிச்சத்தோடு கலந்தது. ஜன்னலுக்கு வெளியே ஜலசந்தி கரைந்துபோய் வெறும் பனியாக நின்றது. எங்கோ ஒரு நீராவிக் கப்பல் தூக்கத்தில் பேசுவதுபோல் ஊதியது. இளவரசர் சாய்ந்தார், படுத்தார், குறட்டை விட்டார். சற்று நேரத்தில் பாஷாவும் அப்படியே.

வாஸிஃபுக்கும் கண் சொருகியது. நிச்சயித்த பெண்ணும் கூட வந்தால் ஏமன்கூட அழகாகத்தான் இருக்கும் என்று நினைத்தான். உடனே பதறிப்போய்த் தன்னையே கிள்ளிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தான். கால்மணிதான் மிச்சம்.

"தூக்குங்கடா! மெத்தையோட தூக்குங்க!"

நான்கு பணியாட்கள் பனிக்குள் தட்டுத்தடுமாறி, தூங்குகிறவரைப் படித்துறைக்குச் சுமந்து வந்தார்கள். தலைமாட்டில் பூட்ஸை ஏந்திக்கொண்டு வாஸிஃப் நடந்தான்.

படகிலிருந்து படகோட்டி ஸ்தாவ்ரோ எட்டிப் பார்த்தான்.

"நல்லவேளை, இவனைக் கொண்டாந்தீங்க எஃபெண்டி! 'நான் வந்திருக்கேன்னு சொல்லிட்டு வாடா'ன்னு அனுப்பின எடுபிடி எங்கேன்னு கேட்டு, இளவரசர் விடிஞ்சதுலேருந்து இங்கேயே நடுங்கிட்டு உக்காந்திருக்காரு!"