பேத்தியைப் பார்க்க வராததற்கு விளக்கம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும், நான் இன்னும் பார்க்காத என் பேத்தியும் ஒரு குறையுமின்றி இருக்க வேண்டும்.

குழந்தைக்குத் தலை நின்ற பிறகும் அப்பா எட்டிப் பார்க்கவில்லையே என்று நீ வருத்தப்படுவது நியாயம்தான். ஆனால் போனில் நீதானே சொன்னாய், உன் ஆய்வுக்கூடத்தில் கைக்குழந்தைகளுக்கு இரண்டிரண்டு முகப்படங்களாகக் காட்டியதில், பால் மறக்காததுகூட அழகான முகம் எதுவென்று கண்டுகொள்கிறது என்று? நீ மேலே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாய். எனக்கு அதுவே போதும், போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். வெல்டிங் பட்டறையில் சிலிண்டர் வெடித்ததிலிருந்து என் முகத்தின் இடப்பக்கம் இருக்கும் லட்சணம் உனக்குத் தெரியும். நீ அதற்கு முன்பே என்னைப் பார்த்துப் பழகியவள். பேத்திக்கு அந்தச் சலுகை இல்லை.

சரி, ஒரு வெள்ளோட்டம் விடலாமென்று, பல் டாக்டரிடம் போனபோது எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் மடியிலிருந்த குழந்தையைப் பார்த்துச் சிரித்தேன். அது சப்பிக்கொண்டிருந்த விரலை எடுத்துவிட்டு என்னையே பார்க்க, அந்தப் பெண் பதறிப்போய் அதைத் திருப்ப, அது கழுத்தை வளைத்து மறுபடியும் என்னையே பார்க்க, நான் செய்தித்தாளால் முகத்தை மூட, அது எக்கி அந்தத் தாளையும் கிழிக்க, டாக்டரே வெளியே வந்துவிட்டார். பேருந்திலும் இதே கூத்துதான். முன் சீட்டில் தோளில் கிடந்த ஒன்று, நான் இறங்கும்வரை கண்ணை எடுக்கவில்லை. பெரியவர்கள் நாகரிகமானவர்கள். ஒரு பார்வை பார்த்துவிட்டு உடனே சுவரையோ செருப்பையோ ஆராயத் தொடங்கிவிடுவார்கள். குழந்தைக்கு அதெல்லாம் ஏது? உன் பெண்ணும் என்னைப் பார்த்து அப்படி அரண்டு போனால் எனக்குத் தாங்காதும்மா. டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளக் கற்றுக்கொண்ட பிறகு வருகிறேன்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. குழந்தைக்கு என் ஆசிகள், தூரத்திலிருந்தே.

அப்பா

பி.கு.: உறையை ஒட்டும் முன் அம்மா வாங்கிப் படித்தாள். "எந்த முகத்த ரொம்ப நேரம் பாக்குதோ, அதுதான் குழந்தைக்குப் பிடிச்ச முகம்னு கணக்காம். அவ விலாவாரியா சொன்னா. நீங்கதான் பாதியில எந்திரிச்சுப் போயிட்டீங்க" என்றாள்.

"அப்போ அந்தக் குழந்தைங்க?" என்றேன்.

"அதுங்க கண்ணுக்கு நீங்க அழகு. வேற என்ன?" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை எடுக்கப் போய்விட்டாள்.

மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே. நாளைக் காலைப் பேருந்தில் கிளம்புகிறோம். நாங்கள் வரும் நேரத்தில் அவளைத் தூங்க வைத்துவிடாதே. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கட்டும்.