சிவப்பு வண்டியின் இருமல்

வண்டி இரண்டாம் தடவை இருமியபோது யதிராஜ் சுவாமி வாய்விட்டு, "கோவிந்தா" என்றார். மூன்றாம் தடவை இருமிவிட்டு வண்டி நின்றே போனது.

திருப்பதியில் மாடவீதிக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சந்தில், ஞாயிற்றுக்கிழமைக் காப்பியை வேண்டுமென்றே தாமதமாகக் குடிப்பவர்கள் சிலர் உண்டு. யதிராஜ் வண்டி எடுப்பதைப் பார்க்கத்தான். பஞ்சகச்சம், நெற்றி நிறையத் திருமண், அதற்கு மேல் நிலாவுக்குப் போகிறவர் மாதிரி ஒரு கறுப்புத் தலைக்கவசம், அதற்குள் அடங்காமல் பின்னால் எட்டிப் பார்க்கும் குடுமி. இந்தக் கோலத்தில் அவர், பந்தயத்தில் ஓட்டுகிற சிவப்பு மோட்டார் சைக்கிளின் மேல் பாதி படுத்தும் பாதி உட்கார்ந்தும், பால்காரர் சைக்கிளைவிட மெதுவாகத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வருவார்.

வண்டி அவருடையதல்ல. பிள்ளை வேங்கடேசன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் சேர்ந்த சூட்டோடு வாங்கியது. வாங்கினோம், ஓட்டினோம் என்று இருந்தானா? கம்பெனிக்காரன் வைத்த புகைக்குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெளிநாட்டுக் குழாய் ஒன்றை வரவழைத்து மாட்டினான். மாட்டிய மறுமாதமே டல்லஸில் வேலை கிடைத்து விமானம் ஏறிவிட்டான். ஏறும்போது, "வண்டியை மட்டும் வித்துடாதீங்கோப்பா. வந்து ஓட்டணும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

யதிராஜ் அந்தக் கடைசி இரண்டு சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வந்து ஓட்டணும் என்றால் வருவான் என்றுதானே பொருள். வண்டி நன்றாக இருக்கிறவரை பிள்ளைக்குத் திரும்பி வர ஒரு காரணம் இருக்கிறது. அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை சுற்று. இதையெல்லாம் அவர் யாரிடமும் சொன்னதில்லை. தெருவுக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

பிள்ளை மாதத்துக்கு ஒருமுறை ஃபோன் பேசுவான். "நன்னா இருக்கேளா? அங்க வெயிலா?" என்பான். இங்கே எப்போதும் வெயில்தான். ஃபோன் அவர் மனைவி அலர்மேல் மாமியின் கைக்குப் போவதற்குள் அவனுக்கு மீட்டிங் வந்துவிடும்.

வண்டி இருமிய அன்று யதிராஜ் அவனுக்குச் சேதி அனுப்பினார். பத்தாவது நிமிடம் ஃபோன் வந்தது. அங்கே அர்த்தராத்திரி.

"அப்பா, ஸ்டார்ட் பண்ணிட்டு ஃபோனை பைப்கிட்ட வைங்கோ."

யதிராஜ் குத்துக்காலிட்டு உட்கார்ந்து புகைக்குழாயின் வாயில் ஃபோனைப் பிடித்தார். வண்டி இருமியது. டல்லஸ் கவனமாகக் கேட்டது.

"இன்னொரு தடவைப்பா."

வாசற்படியில் நின்ற மாமி, "சாப்ட்டானான்னு கேளுங்கோ" என்றாள். அன்று கேட்க நேரமிருந்தது. மாமியும் பேசினாள். பேரன்கூடத் திரையில் வந்து பல்லைக் காட்டினான்.

சந்துமுனை மெக்கானிக் உமாபதியிடம் வண்டி போனது. அவர் ப்ளக்கைத் துடைத்தார், காற்று வடிகட்டியைத் தட்டினார், "பர்வாலேது சாமி, இப்ப சிங்கம் மாதிரி போகும்" என்றார்.

சிங்கம் மாதிரிதான் போனது. அன்று மாலை வெள்ளோட்டம் பார்க்க யதிராஜ் மாடவீதியில் திரும்பவும், எதிரே பெருமாள் புறப்பாடு வரவும் சரியாக இருந்தது. வண்டி இருமவில்லை. வெடித்தது. பல்லக்குத் தூக்கினவர்கள் நாலு பேரும் நாலு திசையில் குதிக்க, பெருமாள் ஒரு பக்கமாகச் சாய்ந்து யதிராஜைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். நாதஸ்வரக்காரர் விட்ட இடத்தை அப்புறம் கண்டுபிடிக்கவே இல்லை.

இதில் கூடுதல் சங்கடம், யதிராஜ் அதே பெருமாளுக்கு மடப்பள்ளியில் தளிகை செய்கிறவர். வருஷக்கணக்காகப் பச்சைக் கற்பூரமும் ஏலக்காயும் இடித்து இடித்து, அவர் சந்து திரும்பும்போதே தீர்த்தம் வருகிறதென்று கையை நீட்டத் தோன்றும். மறுநாள் கோயிலில் எல்லோரும் மரியாதையாகத்தான் விசாரித்தார்கள். அந்த மரியாதைதான் தாங்கவில்லை.

இரவு பிள்ளையின் ஃபோன். இப்போது தினமும் வந்தது.

"அப்பா, தப்பு என் பேர்ல. பைப் மாத்தினா ஃப்யூயலிங்கையும் மாத்தியிருக்கணும். டைனோல வெச்சு கஸ்டம் ட்யூன் பண்ணணும்."

"அப்படின்னா?"

"வண்டியைக் கட்டிப்போட்டு ஓட்டுவா. சித்தூர்ல ஒருத்தர் பண்றாராம், விசாரிச்சுட்டேன்."

"எப்போ விசாரிச்சே?"

"நேத்திக்குப் பூரா அதான்பா பண்ணினேன்."

நேற்று முழுவதும் பிள்ளை இந்த ஊர் நினைப்பாகவே இருந்திருக்கிறான். யதிராஜுக்கு அது இனித்தது. உள்ளே போன மாமி திரும்பி வந்து, "ஏன்னா, பச்சைக் கற்பூரம் ஆயிடுத்து. வாங்கிண்டு வாங்கோ" என்றாள்.

"போன வாரம்தானே வாங்கினேன்?"

"பெருமாளுக்கு வேண்டியிருக்கே."

பெருமாள் பேரைச் சொன்னால் அவர் மேற்கொண்டு கேட்கிற வழக்கமில்லை.

வண்டியைக் குட்டி யானை வேனில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டி, தானும் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டு, யதிராஜ் சித்தூர் போய்ச் சேர்ந்தார். ஊருக்கு வெளியே தகரக் கொட்டகை. நடத்துகிற தமிழ்செல்வன் பாலசமுத்திரத்துக்காரன். குவைத்துக்குப் போய் அங்கே பணக்காரப் பிள்ளைகளின் வண்டிகளில் தொழில் கற்றுக்கொண்டு, இங்கே பணக்காரப் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டுத் திரும்பி வந்தவன்.

அவன் வண்டியைப் பார்த்தான். பஞ்சகச்சத்தைப் பார்த்தான்.

"நீங்களா சாமி ஓட்றீங்கோ?"

"பிள்ளையோடது. நான் சும்மா பாத்துக்கறேன்."

"சும்மா பாத்துக்கறதுக்கே இப்டியா?"

முன்சக்கரத்தை இரும்புப் பிடியில் மாட்டி, நாலு பக்கமும் பட்டை போட்டு இழுத்துக் கட்டினான். பின்சக்கரம் தரையில் பதித்த பெரிய உருளையின் மேல் உட்கார்ந்தது. எதிரே ஆள் உயர விசிறி. தமிழ்செல்வன் ஏறி முறுக்கினான். கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. முள் நூறைத் தாண்டியது. வண்டி ஓர் அங்குலம் நகரவில்லை.

"இவ்வளவு வேகமா ஓடறது, ஆனா எங்கேயும் போகலையே" என்றார் யதிராஜ்.

"என்னப் பத்தி எங்க வூட்லயும் அதான் சாமி சொல்றாங்கோ."

அப்புறம் மடிக்கணினியைத் திறந்து காட்டினான். "காத்து இவ்ளோ வந்தா பெட்ரோல் இவ்ளோ வுடணும்னு வண்டி மூளையில ஒரு கணக்கு இருக்குது. பைப்ப மாத்தினதும் காத்து கூடப் போவுது, கணக்கு பழசாவே கீது. பொகையில ஒரு சென்சார வெச்சி மோந்து பாத்துக்கினே நான் கணக்க மாத்துவேன்."

"ஓஹோ. ருசி பாக்கறேள்."

"அதேதான் சாமி."

"எங்க மடப்பள்ளில பெருமாள் அமுது செய்யறதுக்கு முன்னாடி ருசி பாக்கப்படாது. மோந்தும் பாக்கப்படாது. கைதான் அளவு."

"உப்பு கூடப் பூட்டா?"

"பெருமாள் இதுவரைக்கும் ஒண்ணும் சொன்னதில்லை."

தமிழ்செல்வன் மறுபடி முறுக்கினான். பாதியில் நிறுத்தி மூக்கை உறிஞ்சினான்.

"சாமி, தப்பா நெனச்சிக்காதீங்கோ. ஷெட்டு பூரா கோயில் வாசன வருது. நான் ஸ்க்ரீனப் பாக்கறதா, கன்னத்துல போட்டுக்கறதானு தெரில. கொஞ்சம் வெளிய நில்லுங்கோ."

யதிராஜ் கூச்சத்தோடு அங்கவஸ்திரத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே புளியமரத்தடியில் போய் நின்றார். வாசனை என்னவோ கொட்டகையை விட்டுப் போகவில்லை. "நீங்க வெளிய போயும் வாசன போவல, நல்ல கம்பெனி துணி சாமி" என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தான் தமிழ்செல்வன்.

சாயங்காலம் வண்டி பட்டுப்போல் ஓடியது. திரையில் கோடுகள் மலை மாதிரி ஏறி இறங்கின. அந்தப் படத்தைப் பிள்ளைக்கு அனுப்பினார். "சூப்பர்ப்பா" என்று பதில் வந்தது. குட்டி யானை அதற்குள் வேறு சவாரிக்குப் போயிருந்ததால், வழியில் பங்க்கில் டாங்க்கை நிரப்பிக்கொண்டு யதிராஜ் தானே ஓட்டிக்கொண்டு புறப்பட்டார்.

சந்திரகிரிக்குச் சற்று முன்பே வண்டி திணறியது. பிறகு விக்கியது. கோட்டை கண்ணில் படும் இடத்தில் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. பழைய இருமல் இதற்கு எவ்வளவோ தேவலாம்.

தலைக்கவசத்தைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டிவிட்டு, கச்சத்தை இறுக்கிக்கொண்டு அவர் வண்டியைத் தள்ள ஆரம்பித்தார். பின்னால் மஞ்சள் துணி கட்டிய கூட்டம் ஒன்று திருமலைக்கு நடந்து வந்துகொண்டிருந்தது. முன்னால் வந்தவர் கேட்டார்.

"வேண்டுதலா சாமி?"

"என்னது?"

"வண்டியத் தள்ளிக்கினு மலைக்கு வரேன்னு வேண்டிக்கினீங்களா?"

யதிராஜ் இல்லை என்று சொல்வதற்குள் பத்துக் கைகள் வண்டியின் மேல் விழுந்தன. "கோவிந்தா, கோவிந்தா" என்று முழக்கம் போட்டுக்கொண்டே தள்ளினார்கள். ஒரு பெண்மணி முன்விளக்குக்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள். யாரோ அதைப் படம் பிடித்து உலகத்துக்கு அனுப்பி வைத்தார்கள். வண்டி திருப்பதி வருமுன்பே படம் டல்லஸ் போய்விட்டது.

அன்று பிள்ளை பேசிய குரல் வேறு மாதிரி இருந்தது.

"அப்பா, போறும். உங்களைப் படுத்தறேன். நகரி டவுன்ல ஒருத்தர் விலைக்குக் கேக்கறார். இந்த மாசத்துக்குள்ள சரியாகலேன்னா வித்துடலாம்."

யதிராஜ் ஃபோனைக் கீழே வைத்துவிட்டு, "வித்துடலாம்கறான்" என்றார். பின்னால் மாமியின் கையிலிருந்த தம்ளர் கீழே விழுந்து உருண்டது.

"விக்கறதா?" என்றாள் மாமி. "அவனோட வண்டியையா?"

"அதான் சொல்றான்."

"அப்புறம் எதைப் பத்திப் பேசுவான்?"

அன்று இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுபடி குட்டி யானை, மறுபடி சித்தூர். இந்தத் தடவை யதிராஜ் கெஞ்சாத குறையாகச் சொன்னார். "எப்படியாவது நன்னாப் பண்ணிக் கொடுத்துடுங்கோ. இது போச்சுன்னா அவன் இந்தப் பக்கம் வர வேற காரணம் கிடையாது."

 தமிழ்செல்வன் டாங்க்கைத் திறந்து பெட்ரோலை வெள்ளை பக்கெட்டில் வடித்தான். பக்கெட்டின் அடியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். மோந்தான். யதிராஜின் அருகே வந்து அவரையும் மோந்தான்.

"வண்டி இங்கியே இருக்கட்டும் சாமி. வூட்டு நம்பர் குடுத்துட்டுப் போங்கோ."

"என் நம்பர் இருக்கே?"

"வூட்டு நம்பரும் இருக்கட்டும்."

வண்டி திரும்பி வந்தபோது அது வேறு வண்டி. ஞாயிற்றுக்கிழமை சாவியைத் திருப்பியதும் பூனை மாதிரி உறுமிக்கொண்டு நின்றது. இருமல் இல்லை, விக்கல் இல்லை, வெடியில்லை. எதிர் வீட்டில் காப்பி ஆறிப்போனதுதான் மிச்சம். உமாபதி வந்து பார்த்துவிட்டு, "நான் அன்னைக்கு க்ளீன் பண்ணது இப்பதான் வேலை செய்யுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

யதிராஜ் ஃபோனைப் புகைக்குழாயில் வைத்தார்.

"பிரமாதம்பா," என்றான் வேங்கடேசன். "இனிமே கவலையே இல்லை. விக்க வேண்டாம். சரி, மீட்டிங் இருக்கு."

அவ்வளவுதான். மறுநாள் ஃபோன் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. யதிராஜ் வண்டியைத் துடைத்தார், சுற்று வந்தார், துடைத்தார். தானாகக் கூப்பிட்டால், "வண்டி நன்னா இருக்காப்பா? அப்ப சரி" என்று வைத்துவிட்டான். எப்போது வருகிறாய் என்று கேட்டதற்கு, "வரணும்பா, பாக்கலாம்" என்றான். வெயிலைப் பற்றிய மாதாந்தர விசாரணை பழையபடி வந்து சேர்ந்தது.

மாமி ஃபோனை மடியிலேயே வைத்துக்கொண்டு வெற்றிலை கிள்ளினாள். பச்சைக் கற்பூரம் தீர்ந்துபோவதும் நின்றுவிட்டது.

ஒரு நாள் மத்தியானத் தளிகை முடிந்ததும், கோயில் வேலையாகப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு யதிராஜ் வண்டியை எடுத்தார். சித்தூர் வரை அது ஒரு குறையும் வைக்கவில்லை. கொட்டகை வாசலில் நிறுத்திவிட்டுத் தலைக்கவசத்தைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டு நின்றார்.

"இன்னா சாமி, மறுபடியும் மக்கர் பண்ணுதா?"

"இல்லை. நன்னாவே ஓடறது."

"அப்புறம் இன்னா?"

"நன்னா ஓடறதுதான்." யதிராஜ் சுற்றுமுற்றும் பார்த்தார். கொட்டகையில் வேறு யாருமில்லை. "அந்தப் பழைய கணக்கை வெச்சிருக்கேளோ?"

"கீது. எதுக்கு?"

"அதையே திருப்பிப் போட்டுடுங்கோ. ரொம்பப் படுத்த வேண்டாம். ஞாயித்துக்கிழமை ஒரு தடவை இருமினாப் போறும். பிள்ளை விசாரிப்பான்."

தமிழ்செல்வன் கையிலிருந்த துணியில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டான்.

"அதுக்குக் கணக்க எதுக்கு சாமி மாத்தணும்? நான் வூட்டு நம்பருக்கு ஃபோன் பண்ணி வேணாம்னு சொன்னத மறந்துட்டு, முன்ன மாரியே டாங்க்ல பச்சக் கற்பூரத்தப் போடச் சொல்லி மாமிகிட்ட சொல்லுங்கோ."