பெரியப்பா: நிலை – தாமதம்

அடுத்தவர் வேலையில் குறை கண்டுபிடிக்கச் சொல்லி, அதற்குச் சம்பளமும் கொடுத்தால் மனிதருக்குத் தலைகால் புரியாது. எனக்குப் புரியவில்லை.

நெய்வேலியில் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியின் திட்டமிடல் பிரிவில் இருந்தேன். சுரங்கத்துக்கு ஷெட் கட்டுவது, குவார்ட்டர்ஸுக்குக் குழாய் மாற்றுவது என்று பல வேலைகள். எல்லாவற்றுக்கும் எக்செல்லில் கால அட்டவணை இருந்தது. எது எப்போது முடியும் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. அதனால் மேனேஜர் புதிய மென்பொருள் ஒன்று வாங்கினார். வேலை தாமதமானால் அதற்குப் பொறுப்பானவரின் போனுக்கு அதுவே செய்தி அனுப்பிவிடும். அதற்கு மாறும் முன் பழைய அட்டவணைகளைத் தணிக்கை செய்யும் பொறுப்பு எனக்கு வந்தது.

(வந்தது என்ன, நானேதான் கையைத் தூக்கினேன்.)

சைட் இன்ஜினியர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தேன். எப்போதோ முடிந்த வேலை அட்டவணையில் இன்னும் நடந்துகொண்டிருந்தது. ஒரே தேதியைப் பக்கம் முழுக்க இழுத்துவிட்டிருந்தார்கள். ஓரிடத்தில் பொறுப்பு என்ற கட்டத்தில் ‘பார்ப்போம்’ என்று இருந்தது.

“பார்ப்போம்ங்கிறது யாரு சார்? ஐடி கார்டு இருக்கா?” என்று அப்பா வயதுக்காரர் ஒருவரைக் கேட்டேன். அவர் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தச் சமயத்தில்தான் என் அண்ணன் கல்யாணம். பழக்கத்துக்கு ஆகட்டுமென்று கல்யாண வேலைகளையும் அதேபோல் அட்டவணை போட்டு, அதே ஃபோல்டரில் வைத்திருந்தேன். வாழை இலை, மேளம், மண்டபச் சாவி என எல்லாவற்றுக்கும் ஆள், தேதி, போன் நம்பர். அதில் ஒரு வரி: ‘பெரியப்பா கையில் மைக் கிடைக்காமல் பார்த்துக்கொள்ளுதல். பொறுப்பு: சித்தப்பா. கெடு: கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்.’ அதற்கு அடுத்த வரி வரவேற்பு, பொறுப்பு பெரியப்பா.

பெரியப்பா அப்பாவின் அண்ணன். நெய்வேலியை ஒட்டிய வடக்குத்து கிராமத்தில் சொந்த வீடு. சுரங்கத்தில் பர்மனென்டாக இருந்தவரை தொழிற்சங்க வாயிற்கூட்டங்களில் பேசியவர். ஓய்வுபெற்றதும் அந்த வாயில் இல்லாததால் கல்யாண மேடைகளில் பேசினார். வாழ்த்தில் ஆரம்பித்து, போனஸுக்குப் போய், கான்ட்ராக்ட் தொழிலாளர் நிரந்தரம் வழியாக மணமக்களிடம் திரும்புவதற்குள் ரசம் ஆறிவிடும். ஆனால் அண்ணனுக்குப் பெண் பார்த்து முடித்ததே அவர்தான்.

ஃபோல்டரை அப்படியே மென்பொருளில் ஏற்றினேன். ஊரார் அட்டவணைகளை எல்லாம் குடைந்த நான், என்னுடையதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கல்யாண வரிகள் சுரங்கத்தின் கன்வேயர் ஷெட் திட்டத்துக்குக் கீழே போய் ஒட்டிக்கொண்டன. போதாததற்கு அவற்றின் போன் நம்பர்கள் ஒரு வரி நகர்ந்திருந்தன.

மறுநாள், எங்களுக்கு வேலை கொடுத்த சுரங்க அதிகாரிகள் முன்னால் மென்பொருளின் அறிமுகக் கூட்டம். திரையில் ஷெட் வேலைகள் பச்சையாக வரிசைகட்டின. கடைசியில் ஒன்று மட்டும் கெடு தாண்டிச் சிவப்பு.

மூத்த அதிகாரி கண்ணாடியை இறக்கிப் படித்தார். “பெரியப்பா... யாரும்மா இது? சப் கான்ட்ராக்டரா?”

“ஆமாங்க சார்.” (ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது.)

“அவர் கையில மைக் ஏன் கிடைக்கக் கூடாது?”

“ஷெட்ல எக்கோ வரும் சார்.”

மேனேஜர் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார். பாட்டில் காலியான பிறகும் இறக்கவில்லை.

வெளியே வந்ததும் அப்பா போன் செய்தார். சித்தப்பாவுக்குப் போக வேண்டிய செய்தி பெரியப்பாவுக்கே போயிருந்தது. “உங்க பெரியப்பா கல்யாணத்துக்கே வரலியாம். என்னத்தடி பண்ணித் தொலைச்ச?”

நேராக வடக்குத்துக்கு ஓடினேன். பெரியப்பா போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“காலையிலேருந்து இதையே பாத்துகினு இருக்கேன். நான் பேசுறது தப்புன்னா நேரா சொல்லக் கூடாதா? மெஷினை வுட்டுச் சொல்றியா?”

“தப்பில்ல பெரியப்பா. நீளம்.”

பெரியம்மா வெடித்துச் சிரித்தாள். “இந்த வூட்ல யாருக்கும் வராத தைரியம்டி ஒனக்கு!”

பெரியப்பா கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன். அவர் கத்தவில்லை. “எல்லாரும் ஆசையா கேக்குறாங்கன்னுல்ல நெனைச்சிகினு இருந்தேன்” என்றார் மெதுவாக.

“மன்னிச்சிடுங்க பெரியப்பா. நீங்க பேசலன்னா அது நம்ம வீட்டுக் கல்யாணமாவே இருக்காது. பந்தி முடிஞ்சப்புறம் பேசுங்க. எவ்ளோ நேரம் வேணும்னாலும்.”

பேச்சுவார்த்தை என்றதும் பழைய சங்கத்துக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “வாய்ல சொன்னா ஒத்துக்க மாட்டேன். அந்த மெஷின்ல ஏத்து. பொறுப்புன்ற எடத்துல என் பேரைப் போடு.” அங்கேயே போனில் திருத்தினேன்; கூட்டத்தில் நான் உளறியதையும் சொன்னேன்.

கல்யாணத்தன்று பந்தி முடிந்து பெரியப்பா மைக் பிடித்தார். போனஸ் இல்லை, நிரந்தரம் இல்லை. நான் ஷெட்டில் எழுப்பிய எக்கோ வரைக்கும் முழுக்கதையையும் சொன்னார். வயிறு நிறைந்திருந்ததால் ஒருவரும் எழுந்து போகவில்லை. நான் சமையல்கட்டில் அண்டாக்களுக்கு நடுவே நின்றிருந்தேன்.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் நான் பெரியப்பாவின் பெயரைச் சேர்த்தது கன்வேயர் ஷெட் திட்டத்தில். வாராவாரம் ஷெட்டின் முன்னேற்றம் அவர் போனுக்குப் போக ஆரம்பித்தது. பெயரை நீக்க மேனேஜர் அனுமதி வேண்டும். அவரிடம் அந்தப் பேச்சை எடுக்க எனக்குத் துணிவில்லை. பெரியப்பா ஒரு வரி விடாமல் படித்து, பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்தில்கூட, கூரைத் தகடு வந்துவிட்டதா என்று என்னை விசாரித்தார்கள்.

பிறகு என் கல்யாணத்துக்கு மேனேஜர் வந்தார். பரிசைக் கொடுத்துவிட்டுப் போட்டோவுக்கு நின்றபோது பெரியப்பா மைக்கை எடுத்தார்.

“மேனேஜர் சாருக்கு வணக்கமுங்க. அந்த ஷெட்டுக் கூரை போன மாசமே முடிஞ்சிருக்கணுமே, இன்னும் ஏங்க செவப்புலயே நிக்குது?”

மேனேஜர் கேமராவைப் பார்த்தபடியே, உதடு அசையாமல், “அடுத்த வாரம் முடிஞ்சிடுங்க” என்றார்.

அந்தப் போட்டோதான் எங்கள் வீட்டு ஹாலில் இருக்கிறது. வருகிற உறவினர்கள் மாப்பிள்ளையை விட்டுவிட்டு, “இதுல மேனேஜர் யாரு?” என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.