சூரியநெல்லி கோலி பிடித்த கடைசி பந்து

இந்த உலகத்தில் எந்தப் பொருளும் தரையைத் தொடக் கூடாது என்று நினைத்த ஒரே மனிதர் எங்கள் சூரியநெல்லி கோலிதான்.

கோலி என்றதும் கண்ணாடிக் குண்டை நினைக்காதீர்கள். மலையாளத்தில் கோல் போஸ்டைக் காக்கிறவருக்கு அதுதான் பேர். கோட்டயத்துப் பக்கம் ஒரு காலேஜில் மூன்று வருஷம் அப்படி நின்றார். எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் இது யாருக்கும் புரியவில்லை. பக்கத்து வீட்டு மரியம்மா அவர் அம்மாவிடம் நேராகவே கேட்டாள்.

"ஏத்தா, இங்கன பயலுக எல்லாம் சும்மாதான கோலி வெளாடுதானுக. இதுக்குப் போயி காலேஜா?"

அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. "அங்கன பெரிய கோலியாம்டி. தலைத் தண்டி இருக்குமாம்."

காலேஜ் முடிந்து திரும்பினார். பரீட்சையில் தேறவில்லை. ஏதோ கம்பெனி டீம் கடுதாசி போட்டுக் கூப்பிடும் என்று இரண்டு மழைக்காலம் காத்திருந்தார். கடுதாசி வரவில்லை. கை மட்டும் சும்மா இருக்காது. லாரியிலிருந்து கொழுந்து மூட்டை சரிந்தால் பாய்ந்து பிடித்து 'சேவ்' என்பார்; கோல் விழாமல் தடுத்தால் அப்படித்தான் சொல்வார்களாம். டீக்கடை டிரான்சிஸ்டரில் மேட்ச் ஓடினால் பெஞ்சிலிருந்து இடது பக்கம் பாய்வார். டீ வலது பக்கம் போகும். ஒரு ஞானஸ்நானத்தில் குழந்தை நழுவிவிடும் என்று பாதிரியாருக்கு முன்னால் குனிந்து இரண்டு கையையும் விரித்து நின்றார். அந்தப் பயத்தில் பாதிரியார் நிஜமாகவே நழுவவிடப் பார்த்தார்.

சூப்பர்வைசர் ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டார்: "ஏம்டே, நீ இப்ப யாரு? காலேஜ்காரனா, தோட்டக்காரனா?"

கோலி பிறகு என்னிடம் சொன்னார்: "போஸ்டுக்கு நடுவுல நின்னா நான் யாருன்னு தெரியும்லே. வெளிய வந்தா தெரியல."

நான் சிரித்தேன். நாலாவதோடு நின்றவன் நான். எனக்கு அந்த வியாதி கிடையாது. அன்றைக்குச் சிரித்திருக்க வேண்டாம்.

தோட்டத்து டீமில் கோலி இடம் காலியானது. ஆனால் பேர் பதிந்த தொழிலாளிதான் ஆடலாம். பேர் பதிந்தால் கடைசிவரை கூலிதான் என்று அதுவரை ஒதுங்கியிருந்தவர், அன்றே போய்ப் பேர் கொடுத்தார். கவ்வாத்தில் போட்டார்கள். தேயிலைச் செடியைக் கத்தியால் மட்டமாக வெட்டுகிற வேலை. சரிவில் எனக்குக் கீழ் வரிசை அவருக்கு.

"ஞாயித்துக்கிழமை மேட்ச்சுல பாருலே" என்று காலையிலிருந்து பதினைந்து தடவையாவது சொல்லியிருப்பார்.

மழை ஈரத்தில் என் கத்தி கையைவிட்டு வழுக்கிக் கீழே பறந்தது.

"விட்ருங்கண்ணே!" என்று கத்தினேன்.

கோலியா விடுவார்? முழு நீளத்துக்குப் பாய்ந்தார். பிடித்துவிட்டார். கூர்ப் பக்கம்.

ஆஸ்பத்திரியில் உள்ளங்கையைத் தைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மேட்ச் அவர் இல்லாமல் நடந்தது. மறு வாரம் ஜன்னி கண்டு தாடை இறுகிவிட்டது. பல்லுக்கு உள்ளேயிருந்து என்னைக் கேட்டார்.

"அன்னிக்குக் கீழ யாரும் நின்னாகளாலே?"

கீழே ஈ காக்கை இல்லை. வெறும் செடி. கத்தி அது பாட்டுக்கு விழுந்திருக்கும்.

"கீழ ரோட்டுல கொழுந்துக்காரப் பொம்பளைக வரிசையா போனாகண்ணே. நீங்க பிடிக்கலன்னா ஒரு தலை போயிருக்கும்."

கட்டுப்போட்ட கையைத் தூக்கிப் பார்த்தார்.

"அப்ப அது சேவ்தான்" என்றார்.

இரண்டாம் நாள் போய்விட்டார்.

அவர் அம்மாவிடமும் இதையேதான் சொன்னேன். பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோதுகூட மாற்றிச் சொல்லவில்லை. கொழுந்து பறிக்கிற பெண்கள், அன்றைக்கு யாரும் அங்கே போகவில்லை என்று சொல்லி என்னைக் காட்டிக்கொடுத்துவிடுவார்கள் என்று பயந்துகொண்டே இருந்தேன். இப்போது கேட்டால் ஆறு பேர் அன்றைக்கு அந்த ரோட்டில் நடந்து போனதாகச் சொல்கிறார்கள். ஒவ்வொருத்தியும் அந்தத் தலை தன் தலைதான் என்கிறாள்.