நான்காம் விதியும் தலைவரின் வலது காலணியும்

மனித குலம் நெருப்பைக் கண்டது; சக்கரத்தைக் கண்டது; அச்சு இயந்திரத்தையும் கண்டது. இவையெல்லாம் வெறும் முன்னேற்பாடுகள். நாகரிகம் என்று சொல்லத்தக்க ஒன்று இப்பூமியில் தோன்றியது, ஒவ்வொரு பீருக்கும் அதற்கென்று ஒரு தனிக் குவளை வேண்டும் என்று பெல்ஜியத்தில் எங்கள் ஃபிளாண்டர்ஸ் மண்ணில் ஒருவன் எழுந்து நின்று சொன்ன அன்றுதான். அதுவரை மனிதன் குடித்தான். அதன் பிறகே சுவைத்தான்.

அந்த நாகரிகத்தின் கோட்டையாக, டெண்டர் ஆற்றங்கரையில் எங்கள் ஹோவெகெர்க்கவில் நிமிர்ந்து நிற்கிறது ‘தூய நுரை மன்றம்’. அதன் செயலாளன் என்ற முறையில், எந்தப் பீர் சிறந்தது என்று ஒப்பிட்டுத் தீர்மானிக்கச் சென்ற அக்டோபரில் நடந்த எங்கள் பேரொப்பீட்டு விழாவைப் பற்றி ஊரில் உலவும் அவதூறுகளை மறுக்கவே இதை எழுதுகிறேன். ஒரு மனிதர் உயிருக்குத் தவித்தபோது நாங்கள் பேசிக்கொண்டிருந்தோமாம். பச்சைப் பொய். நாங்கள் பேசவில்லை, விவாதித்தோம். முன்மொழிவு வந்தது, வழிமொழிவு வந்தது, திருத்தம் வந்தது. பேச்சுக்கும் விவாதத்துக்கும் வேறுபாடு தெரியாத கூட்டம் எங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது!

மன்றம் கூடுவது மரியெட் என்ற பெண்மணியின் மதுக்கடை மாடியில். அங்கே சுவர் நிறைய ஒரு கண்ணாடி அலமாரி. அதற்குள் நூற்றுப் பன்னிரண்டு குவளைகள். மடத்துத் துறவிகள் காய்ச்சும் திரிப்பலுக்குத் தேவாலயக் கிண்ணம்போல் ஒன்று. புளித்த லாம்பிக்குக்கு வரிக்கோடு போட்ட குட்டைக் குவளை. வயல்வேலைக்காரர்களின் பீரான செசோனுக்கு மலர்ந்த துலிப் வடிவில் ஒன்று. அலமாரியின் சாவி தலைவர் ஓடிலோனின் கழுத்தில் தொங்கும். ஓய்வுபெற்ற வரி ஆய்வாளர் அவர். எதையும் பூட்டி வைப்பதில் நாற்பதாண்டுப் பயிற்சி உள்ளவர்.

மன்றத்தின் உயிர்நாடி நான்காம் விதி: ‘எந்தக் குவளையிலும் அதற்குரியதல்லாத எந்தத் திரவமும் ஊற்றப்படலாகாது.’ குவளை உடைந்தால், புதுக் குவளை வரும்வரை அந்தப் பீரே இல்லை. வேறு குவளையில் ஊற்றிக் குடிப்பதைவிடக் குடிக்காமலிருப்பதே மேல் என்பது எங்கள் துணிபு.

தண்ணீரின் நிலை என்ன என்று சிலர் கேட்பதுண்டு. பீர் ஊற்றும் முன் குவளையைக் குளிர்ந்த நீரில் அலசுவது எங்கள் வழக்கம். ஆகவே தண்ணீர் குவளைக்குள் வரலாம், கழுவலாம், கழுவி முடித்ததும் வெளியேறிவிட வேண்டும். உழைக்க உரிமை உண்டு, தங்க உரிமை இல்லை. இதில் என்ன அநீதி கண்டீர்கள்? தண்ணீர் இன்றுவரை புகார் செய்ததில்லையே!

இன்னொரு வழக்கமும் உண்டு. மரச்சட்டத்தில் நிற்கும் நெட்டைக் குவளை ஒன்று மரியெட்டிடம் இருக்கிறது. அதில் குடிப்பவர் குவளையோடு நடையைக் கட்டிவிடாதபடி, பிணையாக ஒரு காலணியைக் கழற்றித் தர வேண்டும். அதைக் கூடையில் போட்டுக் கயிற்றால் உத்தரத்துக்கு இழுத்துவிடுவார் மரியெட். விழா நாளில் அந்தக் குவளை தலைவருக்கு உரியது. எனவே அன்று எங்கள் தலைவர் ஒற்றைக் காலணியோடுதான் தலைமை வகிப்பார். அவருடைய வலது காலணி கூரையிலிருந்து சபையை மேற்பார்வையிடும்.

இப்போது கிஸ்லேனுக்கு வருகிறேன். பக்கத்து எய்னோ மாநிலத்துக்காரர். ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊர்ப் பெண்ணை மணந்து இங்கேயே தங்கியவர். தன் ஊர் செசோனைத் தவிர மற்றதெல்லாம் குழம்பு என்பது அவர் கொள்கை. அவருக்கு இதயக் கோளாறு. நாள்தோறும் பிற்பகல் நான்கு மணிக்கு ஒரு மாத்திரை; தவறினால் இதயம் தன் விருப்பப்படி ஓடத் தொடங்கிவிடும். மருத்துவம் படித்த மகள் இரண்டு கட்டளைகள் போட்டிருந்தாள். பீர் என்றால் நாக்கு நனையும் அளவு. மாத்திரைக்குத் தண்ணீர், தண்ணீர் மட்டுமே. ஆண்டுதோறும் விழாவன்று மரியெட் ஒரு காப்பிக் கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்து தருவார், அவர் விழுங்குவார், ஒப்பீடு தொடரும்.

இவ்வாண்டு மன்றம் ஒரு படி உயர்ந்தது. காப்பியின் மணம் பீரை முகர்வதற்கு எதிரி என்று தலைவர் கண்டறிந்தார். காப்பிக் கோப்பை, சூப்புக் கிண்ணம், பூச்சாடி அனைத்தையும் விழாவுக்கு முந்தைய நாளே கட்டடத்திலிருந்து அகற்ற வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அதை வழிமொழிந்து முதலில் கை தூக்கியவர் கிஸ்லேன்தான். பாத்திரங்கள் தள்ளுவண்டியில் ஏறி எதிர்வீட்டு ரொட்டிக்கடைக்குப் போயின. மரியெட்டும் லாவெண்டர் சோப்பு போட்டுக் குளித்த குற்றத்துக்காகக் கீழ்த்தளத்துக்கு அனுப்பப்பட்டார். கடை அவருடையதுதான், ஆனால் மணம் மன்றத்துக்கு உரியது.

விழா கோலாகலமாகத் தொடங்கியது. பாலாடைக்கட்டித் துண்டுகளும் கடுகும் மேசையில் இருந்தன. தலைவர் திரிப்பலை உயர்த்திப் பேசினார். லாம்பிக் கட்சிக்கு லுட்கார்ட் அம்மையார். ஊரின் மருந்துக்கடை அவருடையது. காற்றில் திரியும் நுண்ணுயிர்கள் தாமாக வந்து புளிக்க வைக்கும் பீருக்கு நிகராக, மனிதன் கை வைத்த எந்தப் பீரும் நிற்காது என்றார். ஜெர்மனியின் கொலோன் நகரிலிருந்து சிறப்பு விருந்தினராக வந்திருந்த எக்பெர்ட், தம் நகரப் பீர் அந்நகர எல்லையைத் தாண்டினால் தன் பெயரையே இழந்துவிடும் என்று பெருமைப்பட்டார். தாண்டி வந்திருந்த தாம் பெயரை இழக்காதது பற்றி அவர் விளக்கவில்லை. கிஸ்லேன் எழுந்து, வயலில் வியர்வை சிந்தியவனின் தாகம் தீர்க்கப் பிறந்தது செசோன் ஒன்றுதான் என்று முழங்கினார். தாகம் என்ற சொல்லை அன்று உச்சரித்த ஒரே பேச்சு அது. தலைப்புக்குப் பொருந்தவில்லை என்று நான் குறிப்பிலிருந்து நீக்கிவிட்டேன்.

கோபுர மணி நான்கு அடித்தது. கிஸ்லேன் சட்டைப்பையிலிருந்து மாத்திரையை எடுத்தார். எடுத்த கை மேசையின் விளிம்பைப் பற்றிக்கொண்டது.

“கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?”

“தண்ணிக்கு என்ன குறை? குழாய் நிறைய இருக்கு,” என்றார் தலைவர். “எதுல ஊத்துறதுங்கறதுதான் கேள்வி.”

கேள்வி எழுந்துவிட்டது. எழுந்த கேள்வியை விடையின்றி உட்கார வைக்கும் மன்றம் எங்களுடையதன்று. உள்ளங்கையில் ஏந்திக் குடிக்கலாமே என்றார் எக்பெர்ட். கிஸ்லேன் எழுந்து குழாயடிக்குப் போய் முயன்றும் பார்த்தார். கை நடுங்கியதால் தண்ணீர் முழங்கைக்குப் போயிற்று, வாய்க்கு வரவில்லை. தள்ளாடித் திரும்பி வந்து நாற்காலியில் சரிந்தார். அவர் முகம் வெளுத்தது. என்ன வெளுப்பு என்பதில் கருத்து வேறுபாடு தோன்றியது. தலைவர் இளம் பொன்னிறம் என்றார். லுட்கார்ட் அம்மையார் அதை மறுத்து, கோதுமைப் பீரின் மங்கலான வெண்மை என்றார். வெளிச்சத்துக்கு எதிரே சற்றுத் திருப்பிப் பார்த்து, அம்மையார் சொன்னதே சரி என்று பதிவு செய்தோம்.

மருந்துக்கடைக்காரரிடமே கேட்கலாம் என்று எனக்குத் தோன்றியது. கேட்டேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நான் மருந்துக்கடைக்காரியா பேசணுமா, உறுப்பினரா பேசணுமா? அதைத் தலைவர் மொதல்ல சொல்லட்டும்.”

“நீங்க உக்காந்திருக்கறது உறுப்பினர் நாற்காலிம்மா.”

“அப்ப சரி. லாம்பிக்கோட விழுங்கச் சொல்லுங்க.”

அறிவின் கதவு அந்தக் கணத்தில் திறந்தது! தண்ணீருக்குக் குவளை இல்லையென்றால், குவளையுள்ள ஒன்றோடு விழுங்குவதுதானே முறை? அதுவரை சிதறிக் கிடந்த விழா ஒரே மையத்தில் குவிந்தது. இதய மாத்திரைக்கு ஏற்ற பீர் எது? உலகில் எந்த மன்றமும் எழுப்பியிராத கேள்வி! அம்மையார் மாத்திரையை வாங்கி முகர்ந்து, முன்சுவை சுண்ணாம்பு, பின்சுவை நீண்ட கசப்பு என்று மதிப்பிட்டார். அந்தக் கசப்பைத் தாங்கும் தோள் திரிப்பலுக்கு மட்டுமே உண்டு என்றார் தலைவர். துறவிகள் காய்ச்சியதாகையால் பாதிப் பிரார்த்தனையும் அதிலேயே அடக்கமாம்.

கிஸ்லேன் கண்ணைத் திறந்தார். “லாம்பிக் வேண்டாங்க. அந்தப் புளிப்புல மாத்திரை வாயிலயே கரைஞ்சுடும்.” மூச்சு வாங்கினார். “தண்ணி... இல்லேன்னா செசோன். ஆனா என் பொண்ணு திட்டுவா.”

“எங்க ஊர்ல இந்தப் பிரச்சினையே வராது,” என்றார் எக்பெர்ட். “போதும்னு குவளை மேல அட்டைய எடுத்து வைக்கிற வரைக்கும் பீர் வந்துக்கிட்டே இருக்கும். தண்ணி கேக்க ஒருத்தனுக்கும் நேரம் இருக்காது.”

வாக்கெடுப்பு நடந்தது. திரிப்பலுக்கு ஒன்று, லாம்பிக்குக்கு ஒன்று. செயலாளன் நடுநிலை, விருந்தினருக்கு வாக்கில்லை. கிஸ்லேனின் வாக்கே முடிவு செய்ய வேண்டும். ஆனால் மாத்திரை அவருடையதாகவும் இதயம் அவருடையதாகவும் இருப்பதால், தன்னலம் கலந்த பொருளில் அவர் வாக்களிக்கலாமா என்று தலைவர் ஓர் ஐயம் கிளப்பினார். பாருங்கள், எத்தகைய நேர்மை! அந்த ஐயத்தை நாங்கள் ஆராய்ந்துகொண்டிருந்தபோதுதான் கிஸ்லேன் நாற்காலியோடு சாய்ந்தார்.

சத்தம் கேட்டு மரியெட் படியேறி வந்தார், லாவெண்டர் மணத்தோடு.

“என்னய்யா இது? மனுஷன் தரையில கெடக்குறான்.”

“கூட்டம் இன்னும் முடியல மரியெட்,” என்றார் தலைவர்.

மரியெட் மாத்திரையைப் பார்த்தார். கிஸ்லேனின் உதட்டைப் பார்த்தார். தலைவரின் முன்னால் காலியாக இருந்த திரிப்பல் கிண்ணத்தை எடுத்தார். தலைவர் இரு கைகளாலும் அதன் வாயைப் பொத்திக்கொண்டார். ஒரு கணம் அந்தக் கிண்ணம் இருவர் பிடியிலும் நின்றது. அப்போது தரையிலிருந்து ஒரு குரல் வந்தது. கிஸ்லேனின் குரல்.

“அதுல வேணாம் மரியெட். அது திரிப்பலோடது. தலைவர் சொல்றதுதான் சரி.”

தோழர்களே, என் கண்கள் பனித்தன. எந்தச் சட்டத்துக்கு இதைவிடப் பெரிய வெற்றி உண்டு? காவலன் நின்று தடுத்தால் அது வெறும் சட்டம். தடுக்கப்பட்டவனே காவலுக்கு நின்றால், அதற்குப் பெயர் பண்பாடு!

பண்பாட்டில் பற்றில்லாத மரியெட், கிண்ணத்தை விட்டார். தூணருகே போய்க் கயிற்றை அவிழ்த்தார். கூடை இறங்கியது. தலைவரின் வலது காலணியை எடுத்து, ஒருமுறை உதறி, குழாயில் பிடித்து நிரப்பி, கிஸ்லேனின் தலையை மடியில் வைத்து மாத்திரையைப் போட்டுப் புகட்டினார். கிஸ்லேன் விழுங்கினார். மறுபடியும் கேட்டார். மறுபடியும் நிரப்பினார்.

“அது ஆன்ட்வெர்ப்புல வாங்கினது,” என்றார் தலைவர் மெல்ல.

“தெரியுது. ஒரு சொட்டு ஒழுகல. நல்ல ஷூதான்,” என்றார் மரியெட். “யாராவது ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க. அதுக்கும் ஓட்டெடுப்பு வேணுமா?”

வேண்டியிருக்கவில்லை, கூட்டம் ஏற்கெனவே கலைந்துவிட்டதாகக் கருதப்பட்டது.

கிஸ்லேன் பிழைத்தார். அவர் மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் மன்றம் விசாரணைக் கூட்டம் கூட்டியது. நெருக்கடியிலும் ஒரு குவளைகூட மாசுபடாமல் காத்த தலைவருக்குப் பாராட்டு நிறைவேறியது. காலணி என்பது கலமா, ஆடையா என்று ஆராய ஒரு துணைக்குழு அமைந்தது. எப்படி இப்படி நேர்ந்தது என்று கேட்க எழுந்த ஒரே ஒருவர் கிஸ்லேன் என்று நினைத்தோம். இல்லை, அவர் மன்னிப்புக் கேட்கவே எழுந்திருந்தார்.

“உங்க ஷூவை நனைச்சிட்டேன் தலைவரே. மனசுல வெச்சுக்காதீங்க.”

தலைவர் பெரிய மனது பண்ணி மன்னித்தார். கதவருகே நின்ற மரியெட் மட்டும், “அடப் பாவி,” என்றார். யாரைச் சொன்னார் என்பது தெளிவில்லாததால் குறிப்பில் சேர்க்கவில்லை.

இன்று எல்லாம் சுமுகமாக நடக்கிறது. கிஸ்லேன் இப்போது கூட்டத்துக்கு வரும்போது தமக்கென்று ஒரு தகரக் குவளையை இடுப்பு வாரில் கட்டிக் கொண்டுவருகிறார். கூட்ட அறைக்குள் தண்ணீர்ப் பாத்திரம் கூடாது என்பதால், அதைத் தெருவாசலுக்கு வெளியே ஓர் ஆணியில் மாட்டிவிட்டு ஏறி வந்து, நான்கு மணி அடித்ததும் எழுந்து படியிறங்கி வெளியே போகிறார். வாசலுக்கு அப்பால் நின்று, மாத்திரையை விழுங்கி, குவளையை உதறி, மறுபடியும் அதே ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே வருகிறார். மழை நாளில் நனைந்து வருகிறார். அந்த ஆணியை அடித்துக் கொடுத்தது மன்றம்தான். பெருந்தன்மை என்று ஒன்று உண்டல்லவா?

யாரும் அவரை வெளியே போகச் சொல்லவில்லை. அவராகவே போகிறார். எந்த ஊரில் எவன் வாசலுக்கு வெளியே நின்று தண்ணீர் குடித்தாலும், உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் இதையேதான் சொல்கிறார்கள், நாங்களும் சொல்கிறோம்.

ஐயம் இருந்தால் ஹோவெகெர்க்கவுக்கு வந்து எங்கள் அலமாரியைப் பாருங்கள். நூற்றுப் பன்னிரண்டு குவளைகள். ஒன்றில்கூடக் கறை இல்லை. கறையைக் கண்டே தீர வேண்டும் என்று வருபவர்கள் அலமாரியைத் திறக்க வேண்டாம். நாற்காலிகளைப் பாருங்கள். நாங்கள் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறோம்.