ஸ்ரீ இருந்த இடத்தில் ஓர் எபிரேய எழுத்து

பெண் தருவதாகச் சொல்லிவிட்ட மனிதரிடம் எதற்கும் "முடியாது" என்று சொல்ல வாய் வராது. எனக்கும் வரவில்லை. அதற்கான தண்டனையை முப்பது வருஷத்துக்கு மேலாக அனுபவித்துக்கொண்டிருக்கிறேன். விசேஷ வீடுகளில் யாராவது இந்தக் கதையை ஆரம்பித்தால் எழுந்து கை கழுவப் போய்விடுவேன். அலுத்துவிட்டது. நானே ஒருமுறை எழுதிவிட்டால் விடுவார்களோ என்று ஒரு நப்பாசை.

1991. ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் தட்டச்சு வேலை. எஸ்தரை எனக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். அவள் அப்பா தொழிற்சாலையில் சூப்பர்வைசர், சபையில் மூப்பர். மாப்பிள்ளை கம்பெனியில் நிரந்தர வேலையில் இல்லையே என்ற குறை அவருக்கு உண்டு. ("பொட்டி தட்றதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்டது என் காதிலேயே விழுந்தது.)

ஒருநாள் ஒரு அட்டையில் எழுத்து ஒன்றை வரைந்து கொண்டுவந்தார். மூன்று கிளை, வலது கிளையின் தலையில் ஒரு புள்ளி: שׁ.

"மாப்ள, இது எபிரேய எழுத்து. எல்லாம் வல்லவர் பேருக்கு முதல் எழுத்து. யூதருங்க வூட்டு வாசக்கால்ல வைக்கிறது. பத்திரிகை தலைப்புல வரணும். உங்க பொட்டில வருமா?"

"வரும் மாமா."

"புள்ளி முக்கியம்."

"புள்ளியும் வரும் மாமா."

எங்கள் பெட்டியில் தமிழ் வருவதே பெரும்பாடு. எழுத்தைக் கட்டம் கட்டமாக நானே வரைய வேண்டும். வரைந்தேன். புள்ளி முதலில் எழுத்தோடு ஒட்டியது, பிறகு பறந்தே போனது, கடைசியில் ஒருவழியாக உட்கார்ந்தது. ஆனால் புது எழுத்துக்கு ஒரு கீ வேண்டுமே. எல்லாக் கீயிலும் ஏற்கெனவே ஆள் இருந்தார்கள். யாரையாவது காலி செய்தாக வேண்டும். யோசித்து யோசித்து 'ஸ்ரீ'யைத் தேர்ந்தெடுத்தேன். கிறிஸ்தவக் கல்யாணப் பத்திரிகையில் ஸ்ரீக்கு என்ன வேலை? (எந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு யோசித்தேன் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.)

பத்திரிகை வாசகத்தை முந்தின வாரமே அடித்து, மாமாவிடம் காட்டி ஒப்புதல் வாங்கியிருந்தேன். அதனால் தலைப்பில் எழுத்தைச் சேர்த்ததும் புள்ளியை மட்டும் ரசித்துவிட்டு அச்சகத்துக்கு அனுப்பினேன். அதே மத்தியானம் பக்கத்துக் கிராமத்து அம்மன் கோயில் ஆடித் திருவிழா நோட்டீஸ். போன வருஷத்து நோட்டீஸே பெட்டியில் இருந்தது. தேதியை மாற்றி அதையும் தள்ளிவிட்டேன்.

மாமா அச்சகத்திலிருந்து பத்திரிகைக் கட்டை நேராக எடுத்துப்போய் சபையில் பாதியைக் கொடுத்துவிட்டார். பிறகுதான் உட்கார்ந்து படித்திருக்கிறார். கூப்பிட்டனுப்பினார். போனேன். பத்திரிகையை என் பக்கம் திருப்பி விரலை வைத்தார்.

"பஸ் நிலையம் அருகில், שׁபெரும்புதூர்."

கீயில் ஆளை மாற்றியதும், பெட்டியில் முன்பே அடித்திருந்த ஸ்ரீயெல்லாம் அந்த எழுத்தாகிவிட்டிருந்தன. திருமணம் நடக்கும் ஆலயம், என் வீடு, அவர் வீடு, விருந்து மண்டபம் எல்லாமே שׁபெரும்புதூரில் இருந்தன.

"ஆண்டவர் பேரை பஸ் ஸ்டாண்டு அட்ரஸ்ல போட்டுக்கிறியே மாப்ள" என்றார். கத்தியிருந்தால் தேவலை. களைத்துப்போன குரலில் சொன்னார். "சபையில எல்லாரும் கேக்கறாங்க. கல்யாணத்தை கொஞ்சம் தள்ளி வெச்சிப் பாப்போம்."

கதவோரம் நின்ற எஸ்தர் உள்ளே போய்விட்டாள். தள்ளி வைப்பதென்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

அந்த நேரம் பார்த்து மாமாவின் ஷிப்டில் வேலை செய்யும் ஏகாம்பரம் வந்தார். அம்மன் கோயில் கமிட்டிக்காரர். கையில் மஞ்சள் நோட்டீஸ். அதில் அம்மன், விநாயகர், முருகர் என எல்லார் பெயருக்கும் முன்னால் அந்த எழுத்து, புள்ளியோடு. நான் செருப்பைத் தேடினேன்.

"சார், உங்க மருமவன் அடிச்ச நோட்டீஸ்ல இது இன்னா எழுத்து?"

மாமா பார்த்தார்.

"பொட்டு வெச்சி சூலம் மாரி கீது. எங்க ஊரு பொம்பளைங்க ஏதோ மந்திரச் சக்கரம்னு நெனச்சிக்கினு, மஞ்சள் தடவி வூட்டுக்கு வூடு வாசக்கால்ல ஒட்டிட்டாங்க. இன்னும் அம்பது நோட்டீஸ் கேக்கறாங்க. அதான்."

"எங்க ஒட்டிக்கிறாங்க?"

"வாசக்கால்ல, சார்."

மாமா நோட்டீஸை வாங்கி அந்த எழுத்தின் மேல் விரலை வைத்தார். பிறகு அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணீர் வரச் சிரித்துவிட்டு, "எஸ்தரு, ரெண்டு பேருக்கும் டீ போடு" என்றார். கல்யாணம் குறித்த நாளிலேயே நடந்தது.

அதற்குப் பிறகு என் வீட்டில் நான் எதற்கு "முடியும்" என்றாலும், "எந்த எழுத்தைத் தூக்கிட்டு?" என்று கேட்பாள் எஸ்தர். குழாய் ரிப்பேர் என்றாலும் அதே கேள்விதான். இப்போது செல்போனில் தேடினால் அந்த எழுத்து புள்ளியோடு தானாக வருகிறது. யாரையும் காலி செய்ய வேண்டியதில்லை. பார்க்கவே எரிச்சலாக இருக்கிறது.

போன மாதம் என் மகளுக்கு நிச்சயித்த பையன் வீட்டுக்கு வந்திருந்தான். இருங்காட்டுக்கோட்டையில் வேலை, நல்ல பிள்ளை. பத்திரிகைப் பேச்சு வந்தது.

"நானே போன்ல பண்ணிடறேன் மாமா. முடியும்."

மொத்த வீடும் திரும்பி என்னைப் பார்த்தது. நான் எழுந்து கை கழுவப் போனேன்.