இருபத்தேழு திருப்பங்களுக்கு என் விளக்கம்

கரமனை,
வியாழக்கிழமை.

மதிப்பிற்குரிய அத்திம்பேருக்கு, நாகேஸ்வரன் அநேக நமஸ்காரம். இங்கே நானும் சுப்புலக்ஷ்மியும் சௌக்கியம். விதுராவில் புது வீட்டில் நீங்களும் அக்காவும் சௌக்கியமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை; அந்த வீட்டுக் கிருகப்பிரவேச முகூர்த்தம் சாஸ்திரிகள் இல்லாமலே கழிந்ததற்கு நான்தானே காரணம். மூன்று வாரமாக என் போனை நீங்கள் எடுக்கவில்லை. அதனால் நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன்.

என் காரில் கம்பெனியே பொருத்திக் கொடுத்த வழிகாட்டிக் கருவி இருந்தது உங்களுக்குத் தெரியும். பதினைந்து வருஷத்துக்கு முந்தைய வரைபடம். புது பைபாஸில் போனால் திரையில் கார் வயலுக்குள் போய்க்கொண்டிருக்கும். அதில் பேசும் பெண், இங்கிலீஷில் இடது, வலது என்பதோடு நிறுத்திக்கொள்வாள். இந்த வீட்டில் ஒருத்தியாவது சுருக்கமாகப் பேசுகிறாளே என்று சுப்புலக்ஷ்மிக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். முப்பத்துநாலு வருஷம் பூகோளம் நடத்திய எனக்குத்தான் பொறுக்கவில்லை. காரணம் சொல்லாமல் இடது என்றால் கேட்கிறவனுக்கு என்ன விளங்கும்? உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் ஒன்று, ஒரு தொடுதிரை, ஜி.பி.எஸ். துண்டு ஒன்று வாங்கி, நாலு மாதம் வீடியோ பார்த்துப் படித்து, கம்பெனிக் கருவியைக் கழற்றி, அந்த இடத்தில் என்னுடையதை வைத்து, சுற்றியிருந்த இடைவெளியைச் சாக்பீஸ் பெட்டி அட்டையால் அடைத்தேன்.

அதில் முதல் வழியாக, கரமனையிலிருந்து உங்கள் புது வீடு வரை உள்ள இருபத்தேழு திருப்பங்களுக்கும் என் குரலிலேயே விளக்கம் பதிவு செய்தேன். "நெடுமங்காடு வருகிறது. இடப்பக்கம் திரும்ப வேண்டும். ஏன் இடப்பக்கம்? ஓர் உதாரணம் பார்ப்போம். ஆற்றுக்குக் குறுக்கே பாறை வந்தால் ஆறு என்ன செய்யும்?" இப்படி ஒவ்வொன்றும் ஒன்றரை நிமிஷம். ஒரு பாடம் முடியாமல் அடுத்தது தொடங்கக் கூடாது என்பது என் வகுப்பு வழக்கம். கருவிக்கும் அதையே கற்பித்திருந்தேன். பிழை அங்கேதான். ஊருக்குள் திருப்பங்கள் அடுத்தடுத்து வருகின்றன. ஆற்று உதாரணத்தைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு திருப்பம் போய்விடுகிறது. கிருகப்பிரவேசத்தன்று, விதுரா வரை தெரிந்த வழி என்பதால் நான் அதைக் கவனிக்கவில்லை. பூஜைக்காக நான் கூட்டிவந்த ஸ்ரீநிவாஸ சாஸ்திரிகளும் பின் சீட்டில் கலசத்தை மடியில் வைத்துக்கொண்டு தலையாட்டிக் கேட்டார். விதுரா சந்திப்புக்குப் பிறகு உங்கள் வீட்டுக்கு எனக்கு வழி தெரியாது. கருவி சொன்னபடியே திரும்பினேன். மூன்று திருப்பத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியதை அது இப்போது சொல்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. சொல்வது நானே ஆனதால் சந்தேகப்படவும் தோன்றவில்லை.

கார் நின்ற இடம் போணக்காடு போகும் வழியில் வனத்துறைச் சோதனைச் சாவடி. ஜெயன் என்ற காவலர் பாஸ் கேட்டார். பிறகு பின் சீட்டில் பஞ்சகச்சத்தையும் கலசத்தையும் பார்த்துவிட்டு, "காட்டினகத்து ஆருடே பாலுகாச்சா, சாமி?" என்று, காட்டுக்குள் யாருக்குக் கிருகப்பிரவேசம் என்பதுபோலக் கேட்டார்.

"ஆனைக்குத்தான் போலிருக்கு" என்றார் சாஸ்திரிகள். பிறகு கடிகாரத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினார். பத்தாகப் பத்து நிமிஷம். "நாகேஸ்வரா, உம்ம பாடம் நன்னாத்தான் இருக்கு. ஆனா பரீட்சை ஒன்பதரைக்கே முடிஞ்சுபோச்சே."

போனில் சிக்னல் இல்லை. கருவி மட்டும் விதுரா சந்திப்பை விளக்கிக்கொண்டிருந்தது.

வழி கேட்டுக் கேட்டு உங்கள் வாசலுக்கு வந்தபோது நடு ராகுகாலம். பசு, வாசலில் கட்டிய வாழையைத் தின்றுவிட்டு, கறவைக்கு நேரமாகிறது என்று மாட்டுக்கார இசக்கியோடு திரும்பிப் போயிருந்தது. நீங்கள் பட்டு வேஷ்டியோடு வெயிலில் நின்றீர்கள். சாஸ்திரிகளை மட்டும் வாங்கோ என்றீர்கள். நான் காரிலேயே உட்கார்ந்திருந்தேன். அக்கா ஒரு டம்ளர் பாயசத்தை இலையால் மூடிக் கொண்டுவந்து, "இப்போ உள்ளே வராதேடா, அவர் கோபம் ஆறட்டும்" என்று சொல்லிப் போனாள். நாற்பது வருஷத்தில் நீங்கள் என்னைத் திட்டாத விசேஷம் ஒன்று உண்டா, அத்திம்பேர்? என் கல்யாணத்தில்கூட ஜானவாச ஊர்வலத்துக்கு நேரமாக்கினேன் என்று திட்டினீர்கள். கிருகப்பிரவேசத்தன்று என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லையே, அதுதான் எனக்குச் சோறு இறங்காமல் செய்கிறது.

கருவியைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டேன். கம்பெனிப் பெண்ணையே மறுபடி பொருத்திவிட்டேன். நீங்களாகக் கூப்பிடும்வரை உங்கள் தெருப்பக்கம் வர மாட்டேன்; இது சத்தியம். புது வீட்டில் நீங்களும் அக்காவும் நூறு வருஷம் நோய்நொடியில்லாமல் இருக்கப் பகவானை வேண்டுகிறேன். சுப்புலக்ஷ்மி உங்கள் இருவருக்கும் நமஸ்காரம் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்,
நாகேஸ்வரன்

பி.கு.: உறையில் தபால்தலை இல்லையே என்று பார்க்க வேண்டாம். கேட்டில் செருகியது நான்தான். கம்பெனிப் பெண் ஒருமுறை கழற்றிய பிறகு பேச மறுத்துவிட்டாள். என் கருவிதான் இன்று கொண்டுவந்து சேர்த்தது. ஆற்றையும் பாறையையும் வெட்டிவிட்டேன், ஒரு திருப்பம்கூடத் தவறவில்லை. எதிரே மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்தின் ஓரமாகக் காரில் இருக்கிறேன். கோபம் ஆறியிருந்தால் அக்காவை எனக்கும் சேர்த்துக் காப்பி கலக்கச் சொல்லுங்கள். ஆறவில்லை என்றால் வாசலில் நின்றபடியே திட்டலாம். கார்க் கண்ணாடியை இறக்கித்தான் வைத்திருக்கிறேன்.